கெடாவில் ஒரு தாய்மாமனை இருட்டாக்கினேன்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

கோவையில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நான், சென்ற ஆண்டு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். அதோடு நின்றிருந்தால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. கேமராவின் தலையிலேயே ஃப்ளாஷை மாட்டி எடுப்பவன் பாமரன், அதைக் கழற்றி ஒரு ஸ்டாண்டில் நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து அடிப்பவனே கலைஞன் என்று இணையத்தில் தாடி வைத்த ஒருவர் சொன்னார். தாடி வைத்தவர்கள் சொன்னால் நான் நம்பிவிடுவேன். ஃப்ளாஷ், அதைத் தூரத்திலிருந்து மின்னவைக்கும் டிரிகர், ஸ்டாண்டு, வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைக் குடை என்று வரிசையாக வாங்கினேன். என் மனைவியைச் சுவரோரம் உட்காரவைத்து, பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி முகம் இருட்டிலும் இருக்கும்படி ஒரு படம் எடுத்தேன். அதைக் குடும்பக் குழுவில் போட்டு, கீழே ‘ஒளியோடு ஓர் உரையாடல்’ என்று எழுதினேன். மனைவி ஒரு வாரம் என்னோடு உரையாடவில்லை.

ஆனால் மலேசியாவிலிருந்து லெட்சுமி அக்கா அழைத்தார். “தம்பி, நம்ம தாரணி கல்யாணத்துக்கு நீ கண்டிப்பா வரணும். கேமராவையும் தூக்கிக்கிட்டு வாலா.” பேச்சின் வாலில் ஒரு ‘லா’ சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். அழைப்பு கேமராவுக்குத்தான், நான் அதைத் தூக்கிவரும் ஆள் மட்டுமே என்று புரிந்துகொள்ளும் அறிவு எனக்கு அப்போது இல்லை. என் தாத்தாவும் அக்காவின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அக்காவின் தாத்தா கப்பலேறி மலேசியாவின் கெடா மாநிலத்துக்குப் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போனார். என் தாத்தா போகவில்லை. துறைமுகத்துக்குத் தாமதமாகப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் பக்கத்து ஆட்களின் புத்தி எப்படிப்பட்டது என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை.

சுங்கைப் பட்டாணி பேருந்து நிலையத்தில் நான் இறங்கியதும் மழை கொட்டியது. எங்கள் ஊர் மழை நாலு நாள் முன்பே வானொலியில் சொல்லி, மேகம் காட்டி, ஏமாற்றிவிட்டுப் போகும். இங்கே அந்த மரியாதையெல்லாம் கிடையாது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த ஒரே குடை என் வெள்ளைக் குடைதான். வேறு வழியில்லாமல் அதை விரித்தேன். உடனே காய்கறிப் பையோடு ஓர் அம்மா உரிமையாக உள்ளே வந்து நின்றுகொண்டார். அண்ணாந்து பார்த்தார்.

“ஏன் தம்பி, குடைக்குள்ள இவ்ளோ வெளிச்சமா இருக்கு?”

“இது வெளிச்சத்துக்கான குடைங்க.”

“அப்ப மழைக்கு?”

“மழைக்கு இல்லைங்க.”

அவர் தோளில் சொட்டிய நீரைத் துடைத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். “மழைக்கு ஆகாத குடையை எதுக்குலா ஊர்ஊராத் தூக்கிட்டு அலையற?” என்று கேட்டுவிட்டு, மழையே மேல் என்பதுபோல் வெளியே இறங்கி நடந்தார். குடையில் ஒண்டிக்கொண்டே குடைக்காரனைத் திட்டும் நன்றிகெட்ட உலகத்தை அன்றுதான் பார்த்தேன்.

எதிரே மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ரொட்டி சானாயைக் கோழிக் குழம்பில் முக்கிச் சாப்பிட்டேன். நம் ஊர்ப் பரோட்டாவின் பணக்கார ஒன்றுவிட்ட தம்பி. முதலாளி பாய், தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் ஒரு முழம் நீட்டி இழுத்துக்கொண்டிருந்தார். இங்கே தே தாரே என்று சொல்லும் அந்த இழுத்த தேநீரின் ஒழுக்கைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. ஓடும் தேநீரை ஃப்ளாஷ் உறையவைத்துவிடும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். ஸ்டாண்டை நிறுத்தி, “பாய், இன்னொரு தடவை” என்றேன். இழுத்தார். “இன்னொண்ணு.” இழுத்தார். வெளிச்சம் அவர் வழுக்கையில் விழுந்தது. “கொஞ்சம் தலையைச் சாய்ச்சு…”

“தம்பி,” என்றார் பாய், குவளையை வைத்துவிட்டு. “தே ஆறிப்போச்சு. கேட்ட ஆளு எந்திரிச்சுப் போயிட்டாரு. இத நீயே குடிச்சிடு.”

ஆறிய தேநீரைக் குடித்தேன். நம் ஊர் டீக்கடையில் தரும் அளவு இங்கே அடியில் தங்கும் சர்க்கரைப்பாலுக்கே போதாது.

மறுநாள் காலை பீடோங்கில், தோட்டத்தை ஒட்டிய லெட்சுமி அக்கா வீட்டில் கண்விழித்தேன். “பசியாறிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே இட்லியும், கூடவே தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வைத்தார் அக்கா. காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறல் என்று பெயர். நாம் டிபன் என்கிறோம். வெட்கமாக இருந்தது. பின்வாசலில் நின்றால் பாமாயில் எடுக்கும் செம்பனை வரிசை, அதற்கும் அப்பால் ஜெராய் மலை தலையில் துண்டு கட்டியதுபோல் மேகத்தோடு நின்றது.

நன்றிக்கடனாக அக்காவைக் கதவோரம் நிறுத்தி, பக்கத்திலிருந்து ஒரே ஒரு வெளிச்சம் கொடுத்து எடுத்தேன். மூக்கின் நிழல் கன்னத்தில் இறங்கி, கண்ணில் ஒரு புள்ளி மின்னி, அருமையாக வந்திருந்தது. அக்கா திரையைப் பார்த்தார்.

“ஏன் தம்பி பாதி மூஞ்சி கெலாப்பா இருக்கு?” கெலாப் என்றால் இருட்டு.

“அதுதான் அக்கா அழகு. இருட்டு இருந்தாத்தான் முகத்துக்கு ஆழம் வரும்.”

“ஆழம் வேணாம்பா. நான் என்ன கிணறா? மூஞ்சி முழுசா வந்தாப் போதும்.”

கல்யாணப் பெண் தாரணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “மாமா, கரண்டு பில் கட்டாத வீடு மாதிரி இருக்கு” என்றாள். கடல் தாண்டி வந்து இரண்டு தலைமுறையிடம் ஒரே பசியாறலில் அடிவாங்கினேன்.

அதற்குப் பிறகுதான் அக்கா என்னை எதற்கு வரவழைத்தார் என்பது வெளிவந்தது.

அக்காவின் கணவர், தாரணி கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். பெண்ணை வளர்த்தவர்கள் அக்காவின் கூடப்பிறந்த இருவர். பெரியவர் மணியம் அண்ணன் தினமும் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். சின்னவர் சேகர் அண்ணன் மாலையில் போய் அழைத்துவந்தார். அந்த இரண்டு மாமன்களும் இப்போது பேசிக்கொள்வதில்லை. காரணம் கோயில்.

மணியம் அண்ணன் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். ஓர் ஆண்டுக் கூட்டத்தில் சேகர் அண்ணன் எழுந்து, மற்றவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்று சொல்லி எதிர்த்து நின்றார். தோற்றார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஜெயித்த அண்ணன் மைக்கைப் பிடித்து, “என் தம்பி சின்னப் பிள்ள. இன்னும் கத்துக்கட்டும்” என்றார். ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. தோட்டம் முழுக்கக் கேட்டது. சேகர் அண்ணன் வீட்டைக் காலி செய்துகொண்டு கோலா கெத்தில் என்ற ஊருக்குப் போனார். செம்பனை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு மாரியம்மன் கோயிலுக்குத் தலைவரும் ஆனார். ஆனவர் சும்மா இருந்தாரா? ஒவ்வோர் ஆண்டும் அண்ணன் கோயில் திருவிழா என்றைக்கோ, அதே நாளில்தான் தம்பி கோயில் திருவிழாவும். சொந்தக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து காடியேறுகிறார்கள், அதாவது காரேறுகிறார்கள். லெட்சுமி அக்கா மட்டும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டுக்கும் போய், இரண்டு இடத்துச் சர்க்கரைப் பொங்கலையும் சாப்பிட்டு, இப்போது மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார்.

“நிச்சயதார்த்தத்துல இவரு மேடையில ஏறுனா அவரு கீழ இறங்குறாரு. ஸ்டூடியோக்காரன் என்ன பண்ணுவான்?” என்றார் அக்கா. “இவ சொல்லிட்டா. ரெண்டு மாமாவும் ஒரே படத்துல இல்லேன்னா, புது வீட்டுல ஒரு படமும் மாட்ட மாட்டாளாம்.”

“மாட்ட மாட்டேன்” என்றாள் தாரணி அடுப்படியிலிருந்து.

“கல்யாணம் முடிஞ்சு புதன்கிழமை ஜொகூருல புது வீட்டுக்குப் போயிடுவா தம்பி. நீ இந்தியாலேர்ந்து வந்த ஆளு. உன் பேச்சத் தட்ட மாட்டாங்க.”

என்னைக் கேமராவுக்காகக்கூட அழைக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. தட்ட முடியாத ஆளாக அழைத்திருக்கிறார்கள். முறைப்படி பார்த்தால் நானும் தாரணிக்குத் தாய்மாமன்தான். ஸ்டாண்டு தூக்கும் தாய்மாமன்.

மாலை, பயிற்சிக்காகத் தோட்டத்துச் சாலையோரம் போனேன். செம்பனைகளுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, ஃப்ளாஷை மாட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். வரும் மோட்டார் சைக்கிள் எல்லாம் என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தது. எதிரே வருகிறவர்களுக்கு விளக்கை மினுக்கிக் காட்டியது. தலைக்கவசம் போடாத ஒருவர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே என்னைக் கடந்தார். கடைசியில் ஓர் ஆள் அருகில் வந்து பணிவாக, “சார், நான் மெதுவாத்தான் வந்தேன்” என்றார். வேகம் பிடிக்கும் போலீஸ் கேமரா என்று நினைத்திருக்கிறார்கள்! நான் படம் எடுப்பவன் என்று விளக்கியதும் அவர் முகத்திலிருந்த பணிவு உடனே காணாமல் போனது. “அதச் சொல்லக்கூடாதா? பயந்துபோயிட்டேன்லா!” என்று திட்டிவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். ஒரு கலைஞனுக்குக் கிடைக்காத மரியாதை அவனுடைய ஸ்டாண்டுக்குக் கிடைக்கும் நாடு.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ஊர்ப் பொது மண்டபம். டேவான் என்கிறார்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டல் வாசனை மேடைவரை வந்தது. எங்கள் பக்கம் கல்யாண மண்டபத்தில் இலை போட இடம்பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் நிற்போம். இங்கே வரிசையில் நின்று தட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் முட்டவில்லை, யாரும் கத்தவில்லை. கல்யாணத்துக்கு வந்த உணர்வே இல்லை.

தாய்மாமன் மாலை போடும் நேரம் வந்தது. மணியம் அண்ணன் மேடையேறிப் பெண்ணுக்கு மாலை போட்டார். வெள்ளை மீசை, தலைவருக்கான தோரணை. அவர் இறங்கட்டும் என்று சேகர் அண்ணன் கீழே காத்திருந்தார். அங்கேதான் லெட்சுமி அக்கா தன் அறிவைக் காட்டினார். சின்னவரைக் கைப்பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டு, தானும் பின்னாலேயே ஏறிப் படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டார். அக்கா நின்றால் அந்தப் படியில் வேறு ஆள் இறங்க முடியாது. சேகர் அண்ணன் மாலை போட்டார். இரண்டு மாமன்களும் பெண்ணுக்கு ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். “எடு தம்பி!” என்று அக்கா கத்தினார்.

எனக்கு இருந்தது அந்த ஒரே நொடி. இப்போது நடந்ததைச் சொல்லும்போதுகூட ஆத்திரமாக வருகிறது. வீடியோக்காரர் ஒருவர் தன் பெரிய விளக்கை நேராக அடித்து என் அழகான நிழல்களையெல்லாம் காலையிலிருந்து அழித்துக்கொண்டிருந்தார். அவர் விளக்கை வெல்வதற்காக நான் ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தேன். முழு மாலையும் தெரியட்டும் என்று கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து வீடியோக்காரரின் விளக்கு வேறு பக்கம் திரும்பியிருந்ததைக் கவனிக்கவில்லை. அழுத்தினேன். மின்னியது.

கைதேர்ந்தவர்கள் எடுத்த படத்தைத் தாங்கள் பார்த்த பிறகே பிறருக்குக் காட்டுவார்கள். என்னைப் போன்றவர்கள் எடுத்த கையோடு, தான் பார்ப்பதற்கு முன்பே, திரையை ஊருக்குத் திருப்பிக் காட்டுவோம். காட்டினேன்.

படத்தில் மணியம் அண்ணன் சாமி படம்போல் ஒளியோடு இருந்தார். தாரணி அழகாக இருந்தாள். சேகர் அண்ணன் நின்ற இடத்தில், மேலிருந்து கீழாக, வெட்டி ஒட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. அதற்குள் மோதிரம் ஒன்று மட்டும் லேசாக மினுங்கியது.

ஃப்ளாஷ் பழகுகிறவன் முதல் வாரத்தில் கற்கும் பாடம் இது. ஷட்டர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள். வேகத்தை அளவுக்கு மேல் கூட்டினால், ஃப்ளாஷ் மின்னும்போது இரண்டாவது திரை பாதி வழி மூடிக்கொண்டு வந்துவிடும். மூடிய பகுதிக்கு ஃப்ளாஷ் வெளிச்சம் கிடைக்காது. காலையிலிருந்து அந்தக் குறையை வீடியோக்காரரின் விளக்குதான் மூடி மறைத்திருந்தது. கேமரா படுத்திருந்தால் பட்டை கீழே விழும், யாருடைய காலோ மறையும். நிமிர்த்திப் பிடித்தால் பக்கத்தில் விழும், யாரோ ஒரு தாய்மாமன் மறைவார். விலை உயர்ந்த டிரிகர் என்றால் இந்த வேகத்துக்குப் போகவே விடாது. என்னுடையது எதையும் தடுக்காத நல்ல மனசுள்ள மலிவு டிரிகர்.

சேகர் அண்ணன் திரையை உற்றுப் பார்த்தார்.

“நல்லா இருக்கு தம்பி” என்றார் மெதுவாக. “கோயில்லயும் எனக்கு எடமில்ல. கல்யாணப் படத்துலயும் எடமில்ல. யாரு சொல்லிக் குடுத்தது, தலைவரா?”

“அய்யோ அண்ணே, இது ஷட்டர்…”

“நான் உனக்கு முன்னப்பின்ன தெரியாத ஆளு. என்னை மட்டும் எப்படிச் சரியா மறைச்ச?”

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மணியம் அண்ணன், படிக்கட்டு அடைபட்டிருந்ததால், மேடையின் முன்பக்கமாகவே குதித்து இறங்கிப்போனார். அந்த வயதில் அது பெரிய குதி. சேகர் அண்ணனும் அதே வழியாக இறங்கி நேராக வாசலுக்கு நடந்தார். சாப்பிடவில்லை. அக்கா வீட்டுக் கல்யாணத்தில், வளர்த்த பெண்ணின் கல்யாணத்தில், தாய்மாமன் கைநனைக்காமல் போனார். லெட்சுமி அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தாரணி மாலையோடு நின்று என்னைப் பார்த்தாள்.

அன்று முழுக்க நான் திட்டாத ஆள் இல்லை. ஷட்டர் டயலை இவ்வளவு லேசாகச் சுற்றும்படி செய்தவனைத் திட்டினேன். வீடியோக்காரரைத் திட்டினேன். தாடிக்காரரைத் திட்டினேன். மைக் கையில் கிடைத்தால் கூடப்பிறந்தவனைச் சின்னப் பிள்ளை என்று சொல்லும் தலைவர்களைத் திட்டினேன். கறுப்புப் பட்டையில்கூடக் கமிட்டி அரசியலைக் கண்டுபிடிக்கும் தம்பிகளைத் திட்டினேன். எல்லோரும் என் மனத்துக்குள்தான் திட்டு வாங்கினார்கள். வெளியே நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை கோலா கெத்திலுக்குக் கிளம்பினேன். சுங்கைப் பட்டாணியில் பேருந்து மாறி உட்கார்ந்தேன். ஃப்ளாஷ் பை மேல்தட்டில். டிரிகர் என் கால்சட்டைப் பையில். பேருந்து ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் டிரிகரின் பொத்தான் என் தொடையில் அழுந்த, மேலே வாய் திறந்திருந்த பைக்குள்ளிருந்து பளீர் பளீர் என்று மின்னியது. எனக்கு முன்னால் இருந்த பெண்மணி திரும்பினார்.

“யாரு படம் எடுக்கறது? கேக்காம கொள்ளாம?”

யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அடுத்த பள்ளம். பளீர். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, மலாயில் நீளமாக ஏதோ சொன்னார். பக்கத்து இருக்கைப் பெரியவர் எனக்கு மொழிபெயர்த்தார்: “வயர்ல கோளாறுன்னு நெனச்சுட்டாராம். யாராவது வெளையாடினா இங்கயே எறக்கி விட்டுருவாராம்.” டிரிகரைக் கையில் எடுத்து, சாமி விபூதிபோல் மூடிப் பிடித்துக்கொண்டு மீதி வழியைக் கடந்தேன்.

சேகர் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். ஆலையில் மதிய வேலையாம். என்னைக் கண்டதும் கதவை மூடுவார் என்று நினைத்தேன். “பசியாறிட்டியா?” என்றார். இந்த ஊரில் கோபத்துக்குக்கூட ஒழுங்குமுறை இருக்கிறது, முதலில் சோறு. மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, “சமாதானம் பேச வந்திருந்தா, தின்னுட்டுக் கெளம்பு” என்றார்.

“சமாதானம் இல்லண்ணே. நான் முட்டாள்னு நிரூபிக்க வந்திருக்கேன்.”

“அதுக்கு இவ்ளோ தூரம் வரணுமா?”

வெளிச்சம் குறைந்த பின்கட்டில் அவரை நிறுத்தினேன். மணியம் அண்ணனுக்குப் பதிலாகப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். கேஸ் சிலிண்டரை உருட்டிவந்து ஒரு ஸ்டூலின்மேல் ஏற்றினேன். சேகர் அண்ணன் அதைத் திரும்பிப் பார்த்தார்.

“அசல் அவருதான்” என்றார். “தலையில துண்டு மட்டும் கட்டிவிடு.”

கல்யாணத்தில் வைத்திருந்த அதே வேகத்தில் எடுத்தேன். சிலிண்டர் பளபளத்தது, சேகர் அண்ணன் நின்ற பக்கம் கறுப்பு. அடுத்து கேமராவைத் தலைகீழாக, மறுபக்கம் திருப்பி எடுத்தேன். சேகர் அண்ணன் பளிச்சென்று வந்தார், சிலிண்டர் மறைந்துபோனது. மூன்றாவதாக வேகத்தைக் குறைத்து எடுத்தேன். மனிதரும் சிலிண்டரும் அண்ணன் தம்பிபோல் சேர்ந்து நின்றார்கள்.

“பாத்தீங்களா? கேமராவுக்குக் கமிட்டி கிடையாது. எந்தப் பக்கம் பிடிச்சேனோ அந்தப் பக்கம் மறையுது. தப்பு என் கையில.”

அவர் சிலிண்டரை ஸ்டூலிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு, “ரெண்டாவதக் காட்டு” என்றார். காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். சிலிண்டர் இருந்த இருட்டை விரலால் தடவினார். முதல்முறையாகச் சிரித்தார்.

“சரிலா. நாளைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வரேன். அவரு பக்கத்துல நிக்கறேன். ஆனா இப்படி எடுக்கணும்.”

“எப்படி?”

“இப்படித்தான். அவரு கெலாப்புல. ஒரே படம். வேற எடுத்தா நான் எறங்கிப் போயிடுவேன்.”

“அண்ணே, தப்பா வந்த படத்தை வேணும்னே எடுக்கச் சொல்றீங்களே! இதைக் கத்துக்க நான் எவ்வளவு…”

“நேத்து மட்டும் சரியாவா எடுத்த?” என்றார். “அன்னிக்கு மைக்ல ஊரே கேட்டுச்சு. ஒரு படத்துல அவரும் தெரியாம நின்னு பாக்கட்டும். போய்ச் சொல்லு.”

திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கொதித்தது. சிறுபிள்ளைகள்! பேத்தி எடுக்கிற வயதில் இரண்டு சிறுபிள்ளைகள்! ஊரில் எல்லோரும் மூஞ்சி முழுசா வேண்டும், வெளிச்சமாக வேண்டும் என்று என் கலையைக் கேலி செய்துவிட்டு, கடைசியில் ஒருவர் முழு இருட்டை விலைக்குக் கேட்கிறார். தாரணிக்கு எந்தப் படத்தைக் கொடுப்பது? ஒரு மாமனோடு ஒன்று, இன்னொரு மாமனோடு ஒன்று என்று இருப்பதற்கு அவள் என்னை அழைக்கவே தேவையில்லை. நிச்சயதார்த்தத்திலேயே இருக்கிறதே.

மணியம் அண்ணனிடம் இதைச் சொல்ல லெட்சுமி அக்காவுக்குத் துணிவில்லை. “நீயே போய்ச் சொல்லு. உன்னத் தட்ட மாட்டாரு” என்றார். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த நம்பிக்கை அவரிடம் எப்படித் தங்கியிருந்ததோ தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். மணியம் அண்ணன் ஏணியில் ஏறி, மண்டபத்தின் கூரையோரம் ஒயர் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே யாரும் இல்லை.

“ஏணியப் பிடி தம்பி” என்றார், வந்தது யார் என்றுகூடப் பார்க்காமல்.

பிடித்தேன். பிடித்தபடியே அண்ணாந்து சொன்னேன். கறுப்புப் பட்டையைச் சொன்னேன். ஷட்டர் திரைகளைச் சொன்னேன். கேஸ் சிலிண்டர் யாருக்குப் பதிலாக நின்றது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். தம்பியின் நிபந்தனையைச் சொன்னேன். அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“இது அநியாயம்ணே. நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு படம் எடுக்கறவன் தெரிஞ்சே ஒருத்தரை இருட்டுல தள்ளுவானா? நீங்க சும்மா வந்து நில்லுங்க. நான் சரியான வேகத்துல எடுத்துடறேன். ரெண்டு பேரும் தெரிவீங்க. எடுத்தப்பறம் அவர் கோவிச்சுக்கிட்டுப் போனா போகட்டும். படம் நம்ம கையில இருக்கும்ல?”

“அவன் கோவிச்சுக்கிட்டு எத்தன தடவ போவான்?” என்றார் மேலிருந்து.

ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் இடுக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிவந்து, என் எதிரே நின்று கைகளை வேட்டியில் துடைத்தார்.

“படத்துல நான் நிப்பேன்ல?”

“நிப்பீங்கண்ணே. ஆனா இருக்கீங்கன்னே யாருக்கும் தெரியாது. வெறும் கறுப்பு. அதை எப்படிண்ணே நான் மனசாட்சியோட எடுக்கறது?”

“அவன் தெரிவான்ல? அப்ப எடு.”